இருமல் துணை

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் மூடி வைக்கத் தெரிவதில்லை. பல் வலித்தால் வாயைப் பிளந்து படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டையைப் பஸ்ஸில் போகும்போது போனில் பேசித் தீர்க்கிறார்கள். பக்கத்தில் இருப்பவன் பஞ்சாயத்துச் சொல்லாத குறைதான். ஒருத்தன் சட்டையைத் தூக்கி ஆப்பரேஷன் தழும்பைக் காட்டினால், இன்னொருத்தன் ‘இதென்ன பிரமாதம்’ என்று வேட்டியை வழித்து முழங்காலைக் காட்டுகிறான். வீட்டுக்கு வீடு வாசப்படி என்பது வாஸ்தவம். அந்த வாசப்படிக்கு ஒரு கதவும் இருந்ததே, அதைக் கழற்றி எந்தக் கடையில் போட்டார்களோ.

பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தரகர் இப்படித்தான் மனசுக்குள் கரித்துக்கொண்டு வந்தார். முன் சீட்டுக்காரி தன் மூலவியாதியைப் பற்றி யாரிடமோ போனில் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தரகர் என்பது அவர் பெயரில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் தொழிலே பெயராகிவிட்டது. பழைய கார், பழைய வேன், சில சமயம் பழைய டிராக்டர். வாங்குகிறவனையும் விற்கிறவனையும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, இரண்டு பேரும் தங்களுக்குத்தான் லாபம் என்று நினைத்து எழுந்து போகும்படி செய்வது அவர் வேலை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பேச ஆரம்பித்தால் பட்டம் வாங்கினவன் பர்ஸை எடுப்பான்.

அவர் பக்கத்தில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். மகன் சம்சாரம். மகன் லாரியில் போனால் வாரக் கணக்கில் வீடு திரும்ப மாட்டான். இவள் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பகலெல்லாம் போன் எடுக்கிறாள். தெருவில் அவளுக்கு மகாராணி என்று பெயர். எதிரே வந்து சிரித்தால் சிரிப்பாள். பக்கத்தில் நின்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவாள். “தலைக்கனம் பிடிச்சவ, கழுத்துல சுளுக்கு” என்று தெருப் பெண்கள் பேசுவது தரகர் காதில் விழும். விழட்டும் என்று விட்டுவிடுவார். விஷயம் வேறு.

அவளுக்குக் கண்ணில் கோளாறு. நேரே பார்த்தால் ஊசியில் நூல் கோப்பாள். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. இரண்டு கையையும் குழலாகச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அவளுக்கு எப்போதும் அப்படி. அந்தி சாய்ந்தால் அதுவும் கிடையாது, கும்மிருட்டு.

கல்யாணம் பேசும்போது இதை அவள் அப்பன் சொல்லவில்லை. கல்யாணமாகி மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டு நடுவில் நின்ற தூணில் போய் மோதினாள்; நெற்றி புடைத்துக்கொண்டது. தரகர் சம்பந்தி வீட்டுக்குப் போய்க் குதித்துவிட்டு வந்தார். ஆனால் வரும் வழியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொண்ணைப் பார்க்க உச்சி வெயில்ல வாங்கன்னு கூப்பிட்டப்பவே நான் யோசிச்சிருக்கணும்டி” என்று பெண்டாட்டியிடம் சொன்னார். “நான் வண்டியை அந்தி மங்கினப்புறம்தான் காட்டுவேன், ஒடுக்கு தெரியக் கூடாதுன்னு. அந்த ஆளு வெளிச்சத்துல காட்டி மறைச்சிருக்கான். நமக்கு மேல கில்லாடி.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வந்தவள் நம் வீட்டுப் பெண். நம் வீட்டுக் குறை ஊருக்கு எதற்கு? அன்று முதல் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. வெளியே கூட்டிப் போகும்போது கையைப் பிடிக்க மாட்டார்கள். கையைப் பிடித்தால் நாலு பேர் பார்ப்பார்கள். இருமுவார்கள். ஒரு தரம் செருமினால் படி. இரண்டு தரம் இருமினால் வலது பக்கம் ஏதோ இருக்கிறது. மூன்று தரம் என்றால் இடது பக்கம். நீளமாக இழுத்து இருமினால் அப்படியே நில். மாமியார் தும்மலையும் சேர்க்கலாம் என்றாள். வேண்டும்போது வராமலும் வேண்டாதபோது வந்தும் குழப்பியதால் அதைக் கைவிட்டார்கள். அந்த வீட்டில் எல்லாருக்கும் நெஞ்சுச் சளி என்று தெருவில் பேச்சு. ஒரு நல்ல மனுஷன் கஷாயப் பொடிகூடக் கொண்டுவந்து கொடுத்தான்.

“மாமா, இன்னொரு தடவை சொல்றேன்” என்றாள் மருமகள். “அங்க கேக்கறதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லணும்.”

“நான் எப்ப பொய் சொன்னேன்?”

“வண்டி விக்கறப்போ?”

“அது பொய் இல்லம்மா. வாங்கறவன் கேக்காததைச் சொல்லாம இருக்கறது.”

“அவங்க கேப்பாங்க மாமா. கேட்டா சொல்லணும். நான் சேர்றேனா இல்லையான்னு நாளைக்குள்ள சொல்லியாகணும். இவங்க இன்னைக்கு ஒத்துக்கலன்னா நான் வேண்டாம்னு சொல்லிடுவேன்.”

தரகர் தலையை ஆட்டினார். சட்டம் படிக்கப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு. முடியும்போது இருட்டிவிடும். அந்தப் பரந்த வளாகத்தில் இருட்டில் வகுப்பிலிருந்து வாசல் வரை அவள் எப்படி வருவாள்? அதற்கென்று அங்கே ஒரு உதவி மையம் இருக்கிறதாம். பேர் பதிந்துகொண்டால் வழித்துணைக்கு ஆள் தருவார்களாம். பாடக் குறிப்பை முன்கூட்டியே கொடுப்பார்களாம். பரீட்சையில் கூடுதல் நேரமாம். கூடவே இருந்து பார்க்கிறவர் ஒருத்தர் வந்து பேச வேண்டுமாம். மாமியாருக்கு முழங்கால் வலி. மகன் எந்த மலைப்பாதையில் எந்த கியரில் ஏறிக்கொண்டிருக்கிறானோ. ஆகவே தரகர்.

யாரும் சும்மா எதையும் தர மாட்டார்கள் என்பது அவர் ஆயுசு பூராவும் கண்ட உண்மை. ‘உன் குறை என்ன, சொல்லு’ என்று ஒருத்தன் இனிக்க இனிக்கக் கேட்டால், விலையைக் குறைக்கப் போகிறான் என்று அர்த்தம். இந்தப் பெண்ணுக்கு இது தெரியவில்லை. குறையைச் சொல்லி இடம் கேட்டால், கொடுத்த இடத்தையும் பிடுங்கிக்கொள்வார்கள். நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

உதவி மையம் வளாகத்தின் கடைசிக் கட்டடத்தில், பின்பக்கம், கீழ்த்தளத்தில் இருந்தது. சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு கட்டியிருந்தார்கள். அந்தச் சரிவில் வரிசையாகப் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். கதவைத் திறக்க ஒரு பொத்தான்; அதன்மேல் ‘பழுது, கதவைத் தள்ளவும்’ என்று காகிதம் ஒட்டியிருந்தது. தள்ளினால் கதவு கல்லாய்க் கனத்தது. உள்ளே நீள நடை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம், ஒரு விளக்கு விட்டு ஒரு விளக்கு அணைந்து கிடந்தது. சுவரெல்லாம் பெரிய பெரிய படங்கள். காலில்லாத ஒருத்தன் கட்டைவிரலை உயர்த்திப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கறுப்புக் கண்ணாடிக்காரி ஒருத்தி வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். கீழே ‘எல்லைகள் இல்லை’ என்று எழுதியிருந்ததைத் தரகர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“எல்லை இல்லையாம். லிஃப்டும் இல்ல.”

“மெதுவா மாமா.”

“அவன் எதுக்கும்மா சிரிக்கறான்? கால் போனதுக்கா?”

அதைச் சொல்லிக்கொண்டே இரண்டு தரம் இருமினார். வலது பக்கம் துடைப்பமும் வாளியும் கிடந்தன. அவள் அழகாக ஒதுங்கிப் போனாள். பார்த்தவன் எவனும் ஒன்றும் கண்டுபிடித்திருக்க முடியாது. தரகருக்கு அதில் ஒரு பெருமை.

வரவேற்பு மேசையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருத்தன் இருந்தான். அவன் மருமகளைப் பார்க்கவே இல்லை, தரகரைப் பார்த்தான். செவிடனிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக, “இவங்களுக்கு, என்ன, பிரச்சினை? நடப்பாங்களா?” என்றான்.

“நடப்பேன்” என்றாள் மருமகள். “பேசவும் பேசுவேன். நேரா என்கிட்டயே கேக்கலாம்.”

கழுத்தட்டைக்காரன் அதற்கும் தரகரைப் பார்த்தே சிரித்துவிட்டு, உட்காரச் சொன்னான். தரகருக்கு அவன் சிரிப்பு பழைய எண்ணெய் வாடை மாதிரி தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

காத்திருக்கும் இடத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள். இங்கே இரண்டாம் வருஷம் படிக்கிறவள். ஆளைப் பார்த்ததும் புதுசு என்று கண்டுபிடித்துவிட்டாள்.

“அக்கா, முதல் தடவையா? என்ன இப்படிப் பளிச்சுன்னு வந்திருக்கீங்க? புடவைக்கு இஸ்திரி வேற.”

“ஏன், வரக் கூடாதா?” என்றாள் மருமகள்.

“வரலாம். ஆனா உள்ள போய் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டா நாசமாப் போயிடுவீங்க. போன வருஷம் ஒருத்தர், பாதிக் கை வராது, கோட்டு போட்டுக்கிட்டு வந்தாரு. திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் தலை சீவாம, பொத்தான் மாத்திப் போட்டுக்கிட்டு வந்தாரு. எழுதறதுக்கு ஆளு, கம்ப்யூட்டர், எல்லாம் உடனே. நான்கூட உள்ள போறதுக்கு முன்னாடி தலையைக் கலைச்சுக்குவேன்.” அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “இந்தாங்க ஐயா, கடலை.”

“வேண்டாம்மா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் தரகர். கூலிக்கு மாரடிப்பவளிடம்கூட இவ்வளவு கூசாத பேச்சு கேட்டதில்லை. தவிர, இது அவருக்கு நன்றாகப் பழகின தந்திரம். சந்தையில் அடுத்த தரகன் வந்து ‘அண்ணே, ஒடுக்கை மறைக்காமக் காட்டுங்க, அப்பத்தான் போணியாகும்’ என்று புத்தி சொன்னால், அவன் கையிலும் அதே மாதிரி ஒரு வண்டி இருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

ஆலோசகர் என்று பலகை போட்ட அறை. அங்கே இருந்த அம்மாள் சின்ன வயசுக்காரி. குரல் தேனில் ஊறப்போட்ட மாதிரி இருந்தது. “வாங்க, வாங்க, உங்க பயணத்துல நாங்களும் கூட வர்றோம்” என்றாள். எங்கே வருகிறாள் என்று தரகருக்குப் புரியவில்லை. கதவுக்குப் பக்கத்தில் குப்பைக்கூடை. மூன்று தரம் இருமினார். நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி மேசை, இரண்டு தரம். நாற்காலி வந்ததும் நீளமாக ஒன்று. மருமகள் மிதந்து வந்தவள் போல வந்து நாற்காலியில் அமர்ந்தாள். அது பழக்கம், காது கேட்டது, கால் நடந்தது. அவளும் அந்த நேரம் யோசிக்கவில்லை.

“தொண்டை சரியில்லையா ஐயா? தண்ணி குடிங்க” என்றாள் தேன்குரல்.

பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள்: “வீட்டுல அவங்க வேலையெல்லாம் அவங்களே செஞ்சுக்கறாங்களா?”

இதற்குத்தானே காத்திருந்தார். “அவ வேலையா? வீட்டு வேலையே அவதான். சமையல், துணி, ஆபீஸு, இதுக்கு நடுவுல படிச்சுப் பரீட்சை எழுதி உங்க இடத்தையே வாங்கிட்டா. என் சம்சாரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கறதும் அவதான்.”

“மாமா” என்றாள் மருமகள்.

“இரும்மா, கேக்கறாங்க இல்ல. தெருவுல நடந்தா மகாராணி மாதிரி நடப்பா. பேரே அதுதான்.”

“வெளிய போக வர யாரோட துணையும் தேவைப்படறதில்ல?”

“எதுக்கு? சிங்கம் ஆட்டைத் துணைக்குக் கூட்டிட்டா போகுது?”

தேன்குரல் தட்டெழுதிக்கொண்டே போனாள். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. தரகருக்கு அந்த மலர்ச்சி தெரியும். கை குலுக்குவதற்கு முன்னால் வருகிற மலர்ச்சி. ‘முடிஞ்சது’ என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“ரொம்ப சந்தோஷம்” என்றாள் தேன்குரல். “உங்களை மாதிரி தன்னம்பிக்கை உள்ளவங்களைப் பார்க்கறதே எங்களுக்கு ஒரு உற்சாகம். உங்களுக்கு இப்போதைக்கு எந்த உதவியும் தேவைப்படாதுன்னு எழுதிடறேன்.”

“எனக்கு உதவி வேணும்னுதான் வந்தேன்” என்றாள் மருமகள்.

“புரியுது. ஆனா டாக்டர் சான்றிதழ்ல கடைசி வரிசை எழுத்து வரைக்கும் படிக்கறீங்கன்னு இருக்கு.”

“பக்கத்துல எதுவும் தெரியாதுன்னும் அதுல இருக்கு.”

“இருக்கு. ஆனா அன்றாட வாழ்க்கை எப்படி இருக்குங்கறதைத்தான் நாங்க பார்க்கணும். நீங்க உள்ள வந்ததை நானே பார்த்தேன். உங்க மாமாவும் சொல்றாரு. வழித்துணைக்கு ஆளுங்க கம்மி. உண்மையிலேயே தேவைப்படறவங்க இருக்காங்க இல்ல?”

மருமகள் தரகரைத் திரும்பிப் பார்த்தாள். முழுத் தலையையும் திருப்பித்தான் அவளால் பார்க்க முடியும். அதனால் அவள் கோபமாகப் பார்த்தால் அது பாதிப் பார்வையாக இராது. தரகருக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி போணியாகவில்லை. இது தலைகீழ்ச் சந்தை. இங்கே ஓட்டை உடைசலுக்குத்தான் விலை.

தொழில்காரர் இல்லையா, சட்டென்று தலைப்பாகையை மாற்றிக் கட்டினார். “அம்மா, நான் சும்மா ஒரு பெருமைக்குச் சொன்னேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. பொட்டைக் கண்ணு. சோத்துத் தட்டுகூடத் தெரியாது. நான்தான் ஊட்டி விடறேன்.”

“இப்பத்தான் சிங்கம்னு சொன்னீங்க” என்றாள் தேன்குரல். தேன் கொஞ்சம் உறைந்திருந்தது. “ஐயா, இங்க நாங்க நம்பிக்கை அடிப்படையில வேலை செய்யறோம்.”

“மாமா, போதும். வாயை மூடுங்க” என்றாள் மருமகள். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. பிறகு தேன்குரலிடம் திரும்பினாள். “மேடம், நான் நடந்து வரலை. இவரு நடத்திக் கூட்டிட்டு வந்தாரு. நான் வரும்போது இவரு இருமினது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. தண்ணிகூடக் கொடுத்தேனே.”

மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு செருமல், இரண்டு இருமல், மூன்று இருமல், இழுத்த இருமல். தெருவில் கஷாயப் பொடி கொடுத்த கதை உட்பட. வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்ததை எல்லாம் மேசைமேல் கொட்டினாள். தரகர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஈரம் கசிந்து மஞ்சள் பூத்திருந்தது.

தேன்குரல் நம்பவில்லை. நம்பாததை மரியாதையாகச் சொன்னாள். “கேக்க சுவாரசியமா இருக்கு. ஆனா நான் நேர்ல பார்த்ததைத்தானே எழுத முடியும்?”

“அப்போ நேர்லயே பாருங்க” என்று எழுந்தாள் மருமகள். “நான் வெளிய போறேன். நீங்க கூப்பிடுங்க, திரும்பி வர்றேன். மாமா, நீங்க இருமக் கூடாது. இருமினீங்கன்னா நான் சேர மாட்டேன். சத்தியம்.”

“அதெல்லாம் எங்க வழக்கத்துல இல்லையே” என்று தேன்குரல் இழுத்தாள். அப்புறம், “உங்களுக்கு முழுச் சம்மதம்னா…” என்றாள். “சம்மதம்தானே? வாயால சொல்லிடுங்க, அது முக்கியம்.”

“சம்மதம்.”

மருமகள் வெளியே போனாள். வேண்டாம், பார்க்காமலேயே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லத் தேன்குரலுக்கு அப்போதும் நேரம் இருந்தது. அவள் எழுந்தாள். குப்பைக்கூடையை நடந்து வருகிற வழிக்கு நடுவில் நகர்த்தினாள். குட்டி மேசையைக் காலால் கொஞ்சம் தள்ளினாள். இரும்பு பீரோவின் அடி இழுப்பறையைப் பாதி வெளியே இழுத்துவிட்டாள். தள்ளி நின்று பார்த்தாள், கல்யாணத்துக்குப் பந்தல் ஜோடிக்கிறவள் மாதிரி. அதற்கப்புறம் சுவரோரம் போய்ப் பாதி விளக்குகளை அணைத்தாள்.

“அது எதுக்கும்மா?” என்றார் தரகர்.

“மாலை வகுப்புதானே ஐயா. அந்தச் சூழல் வேணும் இல்ல?”

தரகருக்கு வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுகிற எச்சில். பழைய வண்டியின் பிரேக்கைப் பார்க்க ஒருத்தன் அதைச் சுவரில் விட்டுப் பார்த்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

“வாங்க” என்று தேனொழுகக் கூப்பிட்டாள்.

மருமகள் கதவில் நின்றாள். ஒரு கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நடந்தாள். தரகரின் தொண்டைக்குள் மூன்று இருமல் கிளம்பி வந்தது. அவர் கூப்பிடாமல் அதுவாக வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். கூடை சரிந்து உருண்டது. கசக்கின காகிதம் காலில் சிதறியது. அவள் நிற்கவில்லை. கை காற்றைத் துழாவியது. இன்னும் இரண்டு எட்டு. தரகர் கண்ணை மூடிக்கொண்டார். இரும்பில் எலும்பு படுகிற சத்தம் கண்ணை மூடினால் கேட்காமல் போகுமா? ‘ஸ்’ என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். அழவில்லை. பிறகு நாற்காலி இருக்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, தேன்குரலின் மேசைமேல் கை வைத்து, அங்கே ஆறிக் கிடந்த டீயைக் கவிழ்த்துவிட்டு நின்றாள்.

“இதுக்கு முன்னாடி வந்தது இவரு தொண்டை. இப்ப வந்தது நான்” என்றாள்.

தேன்குரலின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. தரகர் அதைப் பார்த்தார். அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டியது. “ரொம்ப நன்றி” என்றாள் அவள். “இவ்வளவு துணிச்சலா உங்க அனுபவத்தைப் பகிர்ந்துக்கிட்டதுக்கு.” உட்கார்ந்து வேகமாகத் தட்டெழுத ஆரம்பித்தாள்.

மருமகளின் முழங்காலுக்குக் கீழே புடவை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“ரத்தம் வருது” என்றார் தரகர், வாயிலிருந்து துண்டை எடுத்து.

“ஆமா, பார்த்தேன். மருந்துப் பெட்டி ரிசப்ஷன்ல இருக்கு. ஒரே நிமிஷம் ஐயா, இதை மட்டும் சேவ் பண்ணிக்கறேன், இல்லன்னா அழிஞ்சு போயிடும்.”

தரகர் எழுந்து போய் விளக்குகளைப் போட்டார். இழுப்பறையைக் காலால் எற்றி உள்ளே தள்ளினார். அறையே அதிர்ந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

எல்லாம் கிடைத்தது. வழித்துணைக்கு ஆள், முன்கூட்டியே பாடக் குறிப்பு, பரீட்சையில் கூடுதல் நேரம். வெள்ளைக் கோல் பிடித்து நடக்கப் பயிற்சிகூட உண்டாம். பயிற்சிக்காரர் இன்றைக்கே வருகிறாராம், இருந்து பார்த்துவிட்டுப் போகலாமாம். மருமகள் ஒவ்வொன்றுக்கும் ‘சரி, சரி’ என்றாள்.

வெளியே வந்து காலில் பஞ்சை ஒத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சக்கர நாற்காலிப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“அட, ரத்தமா? அக்கா, உங்களுக்கு ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல. எனக்குக் கண்ணீர்தான் வந்துச்சு, அதுக்கு ஒரே வருஷம்தான் கொடுத்தாங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் அவள் இப்படிச் சிரித்துத் தரகர் பார்த்ததில்லை. அதற்காகச் சந்தோஷப்படலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சந்தோஷம் வரவில்லை.

“இப்படி வாங்கறதுக்கு வாங்காமலே இருக்கலாம்” என்றார்.

“வாங்காம? நீங்க வந்து வகுப்புல உக்காந்து இருமுவீங்களா மாமா?”

“ஏன், உக்காந்தா என்ன?”

“உக்காருங்க. எனக்கு முன்னாடி நீங்க வக்கீலாயிடுவீங்க.”

“விளையாடாதம்மா. கோலைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல வந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“இப்ப என்ன பேசறாங்க? தலைக்கனம் பிடிச்சவன்னு பேசறாங்க. அந்தப் பேரு எனக்கு வேண்டாம். யாரு வீட்டு விசேஷத்துக்கும் என்னைக் கூப்பிடறதில்ல, தெரியுமா? கோலைப் பார்த்தா வழியாவது விடுவாங்க.”

“இரக்கப்படுவாங்க.”

“படட்டும். அவங்க பொழுதுக்கு அவங்க படறாங்க.”

தழும்பைக் காட்டுகிறவர்கள் கூட்டத்தில் இவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். காட்டச் சொன்னது யார் என்பதுதான் தரகருக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. கிடைத்ததா என்றால் கிடைத்தது. பசிக்கிறது என்று ஒருத்தி வாய்விட்டுச் சொல்கிறாள். சட்டையைக் கழற்று, விலா எலும்பை எண்ணிப் பார்க்கிறேன் என்று சொல்லி, எண்ணி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போடுகிறவளைத் தர்மவதி என்று கும்பிட வேண்டுமா? கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும்.

“நீங்க கிளம்புங்க மாமா. பயிற்சிக்காரர் என்னை பஸ் ஏத்தி விடறாராம். அத்தை காத்துக்கிட்டு இருப்பாங்க, சாப்பிட்டிருக்க மாட்டாங்க.”

“யாரோ ஒருத்தன் ஏத்தி விடறானாம். அவன் யாரு, என்ன?”

“அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறேன். போங்க.”

அவர் நின்றார். அவள் அதற்குள் சக்கர நாற்காலிப் பெண்ணிடம் கடலை வாங்கிக்கொண்டு எந்த வாத்தியார் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். பக்கவாட்டில் நின்ற மாமனார் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வாசல் பக்கம் ஒரு கம்பத்தில் சின்னப் பெட்டி வைத்திருந்தார்கள். அதில் வட்ட வட்டமாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். பச்சை முகம் சிரித்தது, மஞ்சள் முகம் சும்மா இருந்தது, சிவப்பு முகம் அழுதது. தரகர் குனிந்து மூன்றையும் பார்த்தார்.

“ஐயா, போறதுக்கு முன்னாடி ஒண்ணை அழுத்திட்டுப் போங்க” என்று கழுத்தட்டைக்காரன் மேசையிலிருந்து குரல் கொடுத்தான். “எங்க சேவை எப்படின்னு நாங்க தெரிஞ்சுக்கணும்.”

“என் மூஞ்சி இதுல இல்லப்பா.”

“பிடிச்சிருந்தா பச்சை ஐயா. உங்க மருமகளுக்குத்தான் எல்லாமே கொடுத்துட்டோமே.”

“அதான் சொல்றேன்” என்றார் தரகர். “காறித் துப்பற மூஞ்சி ஒண்ணு செஞ்சு வை. அப்ப வந்து அழுத்தறேன்.”

கனத்த கதவைத் தோளால் முட்டித் திறந்துகொண்டு வெளியே வந்தார். பின்னால் கழுத்தட்டைக்காரன் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. வாயில் ஊறினதை அங்கேயே துப்பலாமா என்று பார்த்தார். கூட்டிப் பெருக்குகிறவள் வேறு யாராவது இருப்பாள் என்று விழுங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.